தெற்குச் சன்னலின் கட்டைக்குரல்

எங்கள் ஆலயத்தின் தெற்குச் சுவரில் ஏழு சன்னல்கள் இருக்கின்றன. நான்காம் சன்னலுக்கு நேர் எதிரே, பதினேழு அடித் தெருவுக்கு அப்பால், தையற்காரரின் வீடு. முன்னறையே கடை. தெருவைப் பார்த்த சன்னலோரம் கால்மிதித் தையல் இயந்திரம். அதற்குப் பின்னால் வெட்டுமேசை. மேசையின் கீழே நிறவாரியாகப் பிரித்துக் கட்டிய வெட்டுத்துண்டு மூட்டைகள். கழுத்தில் அளவுநாடாவும், சட்டையின் இடப்பக்கத்தில் வரிசையாகக் குத்திய குண்டூசிகளும் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. போதகரின் அங்கி, பாடகர் குழுவின் அங்கிகள், திருவிருந்து மேசையின் விரிப்பு ஆகிய அனைத்தும் அவர் தைத்தவை. ஆயினும், பதினோர் ஆண்டுகளாக அவர் ஆலயத்தின் படியேறியதில்லை.

அவருக்கு ஆலயத்தின் மீது கோபம் கிடையாது. போதகர் மீதும் கிடையாது. தம் தம்பி மீதுதான் கோபம்.

தம்பி மருந்தகம் ஒன்றில் வேலை செய்கிறார். மாத்திரைகளை எண்ணுவதிலும் மருந்துப் பொடியை நிறுப்பதிலும் பழகிய கை அவருடையது; பாட்டிலும் அதே கண்டிப்பை எதிர்பார்ப்பார். பாடகர் குழுவுக்கு அவர் தலைவரான ஆண்டில், அண்ணன் அந்தக் குழுவில் முப்பது ஆண்டு முடித்திருந்தார். பாட்டின் நான்கு குரல்களில் அடியில் நிற்கும் கட்டைக்குரல் அண்ணனுடையது. அத்தகைய குரல் சபையில் வேறு எவருக்கும் இல்லை என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்வர். அதில் ஒரு குறையும் உண்டு. ஆழக் கிணற்றிலிருந்து வாளி மேலேறுவதைப்போல, அந்தக் குரல் வெளியே வருவதற்குச் சற்று நேரமாகும். எந்தப் பாட்டானாலும் அவர் அரைத் தாளம் பிந்தியே வருவார்.

அந்த ஆண்டு ஈஸ்டர் ஞாயிறுக்கு முந்திய மாலை, அங்கியணிந்து நடத்திய ஒத்திகையில், ஒரே வரியை ஐந்து முறை பாடியும் முடிவு ஒன்றுசேரவில்லை. தம்பி கையை இறக்கினார்.

"அண்ணே, உங்க ஒருத்தருக்காக இருபது பேர் காத்துக்கிட்டிருக்க வேண்டியிருக்கு. இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் நீங்க உட்கார்ந்துக்கோங்களேன்."

"இருபது பேரும் ஓடினா நான் என்னடா செய்யறது?"

"ஓடலண்ணே. தாளத்துல வர்றாங்க."

யாரோ சிரித்துவிட்டார். தையற்காரர் அங்கியைக் கழற்றினார், மடிப்பு கலையாமல் நான்காக மடித்து இருக்கையில் வைத்தார், வெளியேறினார். ஒத்திகை முடிந்து வீட்டுக்கு வந்த மனைவியிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"அவன் நின்னு கை ஆட்டற இடத்துல நான் இனிமே கால் வைக்கமாட்டேன்."

மனைவி குழுவில் தாழ்ந்த பெண்குரல் பாடுபவர். அவர் குழுவை விடவில்லை. கணவரை மாற்றவும் முயலவில்லை. வாயை மட்டும் அடக்கவில்லை. "பதினேழு அடி. ஒரு பேன்ட் துணியோட நீளம்கூடக் கிடையாது. அதைத் தாண்ட முடியல இந்த மனுஷனால" என்று கடைக்கு வருபவர்களிடம் அவரெதிரிலேயே சொல்வார். "பேன்ட் துணி பதினேழு அடியா? உனக்கு அளவே தெரியாது" என்பார் கணவர். அத்துடன் பேச்சு முடியும்.

ஈஸ்டர் கழிந்த சில வாரங்களில் கோடை தொடங்கியது. எங்கள் ஆலயத்தில் ஆண்டின் எட்டு மாதங்கள் மழைக்கும் குளிர்காற்றுக்கும் அஞ்சிச் சன்னல்களை மூடியே வைப்பார்கள். கோடையின் நான்கு மாதங்களில் மட்டும் இரு சுவர்களின் பதினான்கு சன்னல்களும் மூன்று கதவுகளும் திறந்திருக்கும். விசிறிக்கு நேர்கீழே இடம்பிடிக்க முதல் மணிக்கே வந்துவிடுவோர் உண்டு. வழிபாட்டு முறைத் தாளை விசிறியாக்கிக்கொண்டு, பாவ அறிக்கையின்போது எந்த வரி என்று தேடுவோரும் உண்டு. அந்த முதற்கோடை ஞாயிறு காலையில், இரண்டாம் பாட்டின் நடுவில், தெருவின் அப்புறத்திலிருந்து கட்டைக்குரல் எழுந்தது. அரைத் தாளம் பிந்தித்தான் எழுந்தது. பாடிக்கொண்டிருந்தவர்கள் தெற்கே திரும்பினார்கள். தையற்காரர் தம் இயந்திரத்தின்முன் நாற்காலியில் அமர்ந்து, கண்ணாடி அணிந்து, பாட்டுப் புத்தகத்தை இயந்திரப் பலகையின்மேல் விரித்திருந்தார். ஞாயிறன்று அவர் தைப்பதில்லை. ஆனால், உட்காருவது அங்கேதான்.

தம்பி கை ஆட்டுவதை நிறுத்தவில்லை.

அதன்பின் அது வழக்கமாயிற்று. ஒத்திகையில் முடிவாகும் பாட்டு எண்களை மனைவி சனிக்கிழமை மாலை வெட்டுமேசையின் ஓரத்தில் தையற்சுண்ணத்தால் எழுதிவைப்பார். "எனக்கு மறந்துபோகும்னு எழுதி வெச்சேன்" என்பது அவர் கூற்று. கணவர் எண்களைக் கேட்டதுமில்லை, அழித்ததுமில்லை. கோடையில் சபை சற்றே மெதுவாகப் பாடத் தொடங்கியது. ஒரு பாட்டுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் கூடியது. போதகர் அதற்கேற்பப் பிரசங்கத்தைக் குறைத்துக்கொண்டார். அதனால் எவருக்கும் வருத்தமில்லை. குழுவில் கட்டைக்குரலுக்கென இருவர் எஞ்சியிருந்தனர்: ஒருவர் பேருந்து ஓட்டுநர், மற்றவர் ரொட்டி அடுமனை வைத்திருப்பவர். "வருஷத்துல நாலு மாசம் எங்களுக்கு லீவு. வாயை மட்டும் திறந்து மூடினாப் போதும், சத்தம் எதிர்வீட்டுல இருந்து வந்துடும்" என்று அடுமனைக்காரர் வெளிப்படையாகவே சொல்வார்.

நோயுற்றோருக்குத் திருவிருந்தை வீட்டுக்கே எடுத்துச் செல்லும் வழக்கப்படி, போதகர் ஒருமுறை தையற்காரரிடம் கேட்டுப்பார்த்தார்.

"நான் சீக்காளி இல்லீங்க ஐயா" என்றார் தையற்காரர்.

"அப்போ உள்ளே வரலாமே?"

"அந்த அளவுக்குச் சுகமும் இல்லீங்க."

எஞ்சிய எட்டு மாதங்களில் அவர் என்ன செய்வார் என்று போதகர் கேட்டதற்கு வந்த விடை இது: "வேதம் வாசிப்பேன். ஜெபம் பண்ணுவேன். அதெல்லாம் தனியா செய்யலாம். பாட்டுதான் முடியாது. மேல மூணு குரல் இல்லாம நான் மட்டும் கீழ்க்குரல் பாடினா, பாட்டாவா இருக்கும்? அறையில எருமை நிக்குதுன்னு நினைப்பாங்க."

பதினோராம் கோடையில், திருவிருந்து வரிசையில் நின்ற ஓய்வுபெற்ற செவிலி ஒருவர் வெக்கையில் மயங்கி விழுந்தார். அதற்கு முன்பே கைக்குழந்தைகளை வைத்திருந்தோர் முறையிட்டிருந்தனர். ஒரு குடும்பத்தார் தம் தாயாரின் நினைவாகக் குளிர்சாதனப் பொறிகளை வழங்க முன்வந்தனர். சன்னல்களை நிரந்தரமாக மூடி, தடித்த திரையிடுவது என்று சபைக் குழு முடிவு செய்தது. முடிவில் தவறேதும் இல்லை. வெயில் வெயில்தான்.

அடுத்த கோடை தொடங்கியதும், திரை தைக்கும் பொறுப்பை ஒப்படைக்கக் குழுவின் செயலர் தையற்கடைக்கு வந்தார். குடிநீர்ப் பானையை இடம் மாற்றுவதற்கும் தீர்மானம் எழுதுபவர் என்பதால் அவரைத் 'தீர்மானம்' என்றே அழைப்பார்கள்.

"டெய்லரண்ணே, பதினாலு ஜன்னலுக்கும் திரை. கெட்டித் துணி, உள்ளே லைனிங். குளிர் ஒரு சொட்டுகூட வெளியே போகக்கூடாது."

"சத்தம்?"

"சத்தமும் போகாது. அது ஒரு கூடுதல் வசதி. தெருவுல லாரி ஹாரன் அடிச்சாக்கூட உள்ளே கேக்காதாம்."

தையற்காரர் சுண்ணக்கட்டியின் விளிம்பைக் கத்தரியால் சீவிக்கொண்டிருந்தார். செயலருக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது.

"உங்களுக்கு இதுல... ஒண்ணும்..."

"எப்போ வேணும்?"

"ஆறு வாரத்துல. ஏசிக்குப் பிரதிஷ்டை ஆராதனை வெச்சிருக்கோம்."

செயலர் போனபின் மனைவி சமையலறையிலிருந்து வந்தார். "முடியாதுன்னு சொல்லத் தெரியாதா உங்களுக்கு? உங்க காதை நீங்களே தைச்சு மூடப்போறீங்க."

"வேற எவன்கிட்டயாவது குடுத்தா இழுத்துப் பிடிச்சுத் தைப்பான். ஒரே சலவையில அடி சுருங்கி, குளிர் வெளியே போயிடும். வெயில்ல மயங்கி விழுந்த அம்மா மறுபடி விழணுமா?"

"சரி. உங்க கதி?"

திரை ஏறிவிட்டால் அவர் சபையோடு பாடக் கோடையும் இராது என்பதை இருவரும் அறிந்திருந்தனர்.

அளவெடுப்பதற்கு உள்ளே போயாக வேண்டும். தம்பி நின்று கை ஆட்டும் இடத்தில் கால் வைப்பதில்லை என்பதே சொன்ன சொல். வியாழக்கிழமை நண்பகலில் அங்கே யாரும் கை ஆட்டுவதில்லை. இந்த நியாயத்தை அவர் மனைவியிடம் இருமுறை விளக்கினார். மனைவி, "நான் கேக்கவே இல்லையே" என்றார்.

ஆலயம் வெறுமையாக இருந்தது. வடக்குச் சுவரின் ஏழு சன்னல்களையும் அவர் தனியாகவே அளந்தார். பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும், ஒவ்வொன்றும் விரற்கடை அளவில் வேறுபட்டது. சுவர் கட்டியவரை முணுமுணுப்பாகத் திட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார். தெற்கே முதற்சன்னலை அளக்கும்போது பின்னால் காலடி கேட்டது. மதிய இடைவேளையில் பாட்டுத் தாள்களை எடுத்துப்போக வந்திருந்த தம்பி, இருக்கைகளின் நடுவே நின்றுவிட்டார்.

"அண்ணே."

தையற்காரர் திரும்பவில்லை. "இந்த முனையைப் பிடி."

தம்பி நாடாவின் முனையைப் பிடித்தார். பதினோர் ஆண்டுகளில் இருவரும் பேசிய முதற்பேச்சு அது.

"இறுக்கிப் பிடி. மருந்துப் பொட்டலம் மாதிரி ரெண்டு விரல்ல பிடிக்காதே."

"எவ்வளவு?"

"எழுபத்தொண்ணே கால். எழுது."

ஆறு சன்னல்கள் அவ்வாறே முடிந்தன. கடைசிச் சன்னலில் தம்பி கேட்டார்: "லைனிங் கண்டிப்பா வேணுமாண்ணே?"

"உங்க தீர்மானத்துல இருக்கே."

"குளிர் வெளியே போகக்கூடாதுன்னுதான் இருக்கு. சத்தம் உள்ளே வரக்கூடாதுன்னு இல்ல."

"ரெண்டுக்கும் ஒரே ஜன்னல்தான்டா."

தம்பி எழுதிய சீட்டை அண்ணன் வாங்கிப் பார்த்தார். ஓர் எண்ணைத் திருத்தினார். நாடாவைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

பிரதிஷ்டை ஆராதனைக்கெனத் தம்பி புதிய பாட்டொன்றைத் தேர்ந்தெடுத்தார். மூன்றாம் சரணத்தின் முதல்வரியைக் கட்டைக்குரல் மட்டும் தனியே பாட வேண்டும். மற்ற மூன்று குரல்களும் அதன்மேல் ஒவ்வொன்றாக ஏறிவர வேண்டும். ஆறு சனிக்கிழமைகள் ஒத்திகை நடந்தது. பொறிகள் இன்னும் பொருத்தப்படாததால் சன்னல்கள் திறந்தே இருந்தன. ஒவ்வொரு சனிக்கிழமையும் மூன்றாம் சரணம் தொடங்கியதும், எதிர்வீட்டில் தையல் இயந்திரத்தின் ஓட்டம் நின்று, அந்த முதல்வரி தெருவைக் கடந்து வந்தது. பாடி முடித்ததும் இயந்திரம் மீண்டும் ஓடியது. அவர் அப்போது தைத்துக்கொண்டிருந்தது திரைகளைத்தான்.

"நீங்க ரெண்டு பேரும் உங்க பகுதியைப் படிச்சு வெச்சிருக்கீங்கல்ல?" என்று தம்பி கேட்பார்.

"அதெல்லாம் பக்கா" என்பார் ஓட்டுநர். அடுமனைக்காரரும் தலையசைப்பார்.

இருபது பேர், ஆறு ஒத்திகைகள். இந்தப் பாட்டைப் பாடும் நாளில் சன்னல் மூடியிருக்கும் என்பதை எவரும் எண்ணவில்லை. பதினோர் ஆண்டுப் பழக்கம் அவ்வளவு உறுதியாக இருந்தது.

அந்த ஞாயிறு வந்தது. வெளியே தார் இளகும் வெயில். உள்ளே பொறிகளின் சீரான இரைச்சலும், தோளை மூடிக்கொள்ளத் தோன்றும் குளிர்ச்சியும். திரைகள் பதினான்கும் ஒரு சுருக்கமின்றித் தரையை ஒட்டித் தொங்கின. "டெய்லர் வேலைன்னா வேலைதான்" என்றார் செயலர், துணியைத் தடவி. ஓய்வுபெற்ற செவிலி முன்வரிசையில் தெம்பாக அமர்ந்திருந்தார். ஜெபம் முடிந்தது, வேதபாடம் முடிந்தது, பாட்டுத் தொடங்கியது. இரண்டு சரணங்கள் நன்றாகவே சென்றன. மூன்றாம் சரணத்துக்குத் தம்பி கட்டைக்குரலின் பக்கம் கையை நீட்டினார்.

ஓட்டுநர் அடுமனைக்காரரைப் பார்த்தார். அடுமனைக்காரர் ஓட்டுநரைப் பார்த்தார். ஆர்கன் மட்டும் அந்த வரியைத் துணையின்றி வாசித்து முடித்தது. அவ்வளவு பேரும் ஒரே நேரத்தில் தெற்குச் சுவரைப் பார்த்தார்கள். அங்கே திரை தொங்கிக்கொண்டிருந்தது.

தம்பி கையை இறக்கினார். எங்கள் ஆலயத்தில் பாட்டு நடுவில் நின்றது அதுவே முதன்முறை.

அப்போது தையற்காரரின் மனைவி தம் இடத்திலிருந்து எழுந்தார். நான்காம் சன்னலின் திரையை ஒதுக்கினார். புதிதாகப் போட்ட தாழ்ப்பாளை உள்ளங்கையால் இருமுறை தட்டித் தளர்த்தினார்.

"அம்மா, குளிர் போயிடும்! குளிர் போயிடும்!" என்றார் செயலர், பாதி எழுந்து.

சன்னல் திறந்தது. வெக்கை உள்ளே பாய்ந்தது. மனைவி தெருவை நோக்கிக் குரல் கொடுத்தார்.

"ஏங்க! மூணாவது சரணம்!"

தையற்காரர் நாற்காலியில்தான் இருந்தார். பாட்டுப் புத்தகம் மூடியிருந்தது. கண்ணாடி மேசையில் கிடந்தது. முதலில் அவர் எதிரே திறந்த சன்னலைப் பார்த்தார். பிறகு அதனூடே தெரிந்த தம்பியைப் பார்த்தார். தம்பியின் கை மீண்டும் உயர்ந்திருந்தது. அது அசையவில்லை. கண்ணாடியைத் தேடி, துடைத்து, மாட்டி, பக்கத்தைப் புரட்டும் வரையில் அசையாமலே நின்றது. இருபது பேரும் நின்றனர், சபையும் நின்றது.

குரல் வந்தது. தம்பியின் கை அதன் பின்னால் நகர்ந்தது.

மறுவாரம், வழிபாடு முடிந்தபின் சபைக் கூட்டம் கூடியது. செயலர் எழுதிவந்ததை வாசித்தார்: "தெற்குச் சுவரின் நான்காம் சன்னல், காற்றோட்டத்தை முன்னிட்டு, கோடை மாதங்களில் மட்டும் திறந்துவைக்கப்படும்."

பொறிகளைப் பொருத்தியவரும் எங்கள் சபையார்தான். "ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு ஏசி ஓட்டினா மெஷின் படுத்துடுங்க" என்றார்.

"அந்த ஓரத்து மெஷினை நிறுத்திடலாம்" என்றார் போதகர்.

தம்பி எழுந்தார். "ஒரு திருத்தம். 'கோடை மாதங்களில் மட்டும்'ங்கறதை எடுத்துடுங்க."

"அப்போ மழைக்காலத்துலயும் திறந்தா வெக்கிறது? சாரல் அடிக்குமே தம்பி?"

"அடிக்கட்டும்."

"அங்க உட்கார்றவங்க நனைவாங்களே?"

"அங்க உட்கார்றது என் அண்ணி. அவங்களைக் கேளுங்க."

"நான் குடை கொண்டு வர்றேன்" என்றார் அண்ணி. கூட்டம் சிரித்தது. திருத்தத்துடன் தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்து ஒரு கை எழுந்தது. அது பொறி பொருத்தியவருடையது.

மனைவி வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது, தையற்காரர் பள்ளிச் சீருடை ஒன்றின் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பன்னெண்டு மாசமுமா?"

"பன்னெண்டு மாசமும்."

"திருத்தம் யார் சொன்னது?"

"வேற யாரு? உங்க தம்பிதான்."

அவர் ஊசியில் நூல் கோத்தார். முதல்முறை நூல் ஊசிக் காதில் நுழையவில்லை.

"அன்னைக்குக் கையைத் தூக்கி நின்னான் பாரு, அங்கி அக்குள்ல இழுத்துப் பிடிக்குது. வேற தைக்கணும்."

பதினோர் ஆண்டுகளாகத் தம்பியின் அங்கிக்கு அளவு, சீட்டில் எழுதி அண்ணியின் கையில்தான் வரும்.

"அளவு எழுதி வாங்கிட்டு வரட்டுமா?"

"வேண்டாம். எழுதறதுல தப்பு பண்றான், அன்னைக்கே பார்த்தேன். ஆளும் பருத்துட்டான். இங்க வந்து நிக்கச் சொல்லு."